பூட்டு தலைநகர் ஜூனோவில் இல்லை: அலாஸ்காவின் வேட்டை, மீன்பிடி உரிமப் பணம் பட்ஜெட்டில் கரையாமல் நிற்பது எப்படி?

அலாஸ்கா அரசியலமைப்பின் 9ஆம் அத்தியாயம், 7ஆம் பிரிவு கறாரானது. மாநில வரியோ உரிமக் கட்டணமோ, எந்த வரவையும் ஒரு தனிச் செலவுக்கென்று முன்கூட்டியே கட்டிப்போடக் கூடாது என்கிறது. 1955-56இல் ஃபேர்பேங்க்ஸ் அருகே பல்கலைக்கழக வளாகத்தில் கூடி அதை எழுதியவர்கள் மற்ற மாநிலங்களின் பாட்டைப் பார்த்திருந்தார்கள். பெட்ரோல் வரி சாலைக்கு, மது வரி பள்ளிக்கு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டிவிட்டால், சட்டமன்றம் கூடித் தீர்மானிக்க ஒன்றும் மிஞ்சாது. எல்லாப் பணமும் ஒரே பானைக்கு வரட்டும், ஆண்டுதோறும் தேவையைப் பார்த்துப் பிரிக்கலாம் என்பது அவர்கள் முடிவு.

அப்படிப்பட்ட மாநிலத்தில் வேட்டை, விளையாட்டு மீன்பிடி உரிமங்களை விற்று வரும் பணம் மட்டும் ‘மீன் மற்றும் வேட்டை விலங்கு நிதி’ என்ற தனிக் கணக்கில் இருக்கிறது. எண்ணெய் விலை சரிந்து மாநிலம் ஒவ்வொரு இழுப்பறையாகத் துழாவிய ஆண்டுகளிலும் அது தனியாகவே நின்றது. காரணம் அதே 7ஆம் பிரிவிலுள்ள ஒரு விலக்கு: கூட்டாட்சித் திட்டம் ஒன்றில் மாநிலம் சேருவதற்குக் கூட்டாட்சி அரசே நிபந்தனையாகக் கேட்டால் பணத்தைக் கட்டிப்போடலாம். அந்த நிபந்தனை எங்கிருந்து வந்தது, எவ்வளவு வலுவானது, எங்கெல்லாம் ஒழுகுகிறது என்பதே இந்த ஆய்வு.

29 சொற்கள்

1937 செப்டம்பர் 2 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், துப்பாக்கி, தோட்டா விற்பனையில் விதிக்கும் கலால் வரியை மாநிலங்களின் காட்டுயிர்ப் பணிக்குப் பிரித்துக் கொடுக்கிறது. நெவாடாவின் செனட்டர் கீ பிட்மனும் வர்ஜீனியாவின் உறுப்பினர் வில்லிஸ் ராபர்ட்சனும் கொண்டுவந்தது. ராபர்ட்சன் அதற்கு முன் வர்ஜீனியாவின் வேட்டை விலங்கு ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவர். உரிமப் பணம் ஆணையத்தின் கைக்கு வரும் வழியிலேயே எப்படிக் காணாமல் போகும் என்று அறிந்தவர். சட்டத்தின் ஆங்கில மூலத்தில் அவர் சேர்த்தது வெறும் 29 சொற்கள்: வேட்டைக்காரர் கட்டிய உரிமக் கட்டணத்தை மீன், வேட்டை விலங்குத் துறையின் நிர்வாகம் தவிர வேறெதற்கும் திருப்பக் கூடாது என்று மாநிலம் சட்டம் இயற்றியிருந்தால்தான் கலால் பணம் கிடைக்கும்.

1950இல் டிங்கெல்-ஜான்சன் சட்டம் இதே ஏற்பாட்டைத் தூண்டில், சுருள், செயற்கை இரை மீதான வரிக்கும் மீன்பிடி உரிமத்துக்கும் கொண்டுவந்தது. 1984இல் வாலப்-பிரோ திருத்தம் படகு எரிபொருள் வரியையும் சேர்த்தது. இன்றைய விகிதம்: நீள்துப்பாக்கி, தோட்டா, வில்லுக்கு 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10, மீன்பிடிக் கருவிகள் பெரும்பாலானவற்றுக்கு 10. வரி உற்பத்தியாளர், இறக்குமதியாளர் மட்டத்திலேயே பிடிக்கப்படுவதால் கடை ரசீதில் அது தெரியாது.

மடைமாற்றத்தை, அதாவது உரிமப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்புவதை, தடுப்பது இந்தப் பணம் மாநிலத்துக்கு வரும் கணக்குமுறை. திட்டச் செலவில் கூட்டாட்சிப் பங்கு 75 சதவீதம் வரை, மாநிலப் பங்கு 25. அலாஸ்கா தன் உரிமப் பணத்தில் 1 டாலர் வைத்தால் 3 டாலர் வருகிறது. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 10 லட்சம் டாலர் உரிமப் பணத்தைச் சட்டமன்றம் வேறு துறைக்குக் கொடுத்துவிடுகிறது. மாநிலப் பங்காக நிற்க வேண்டிய தொகை போனதால் 30 லட்சம் டாலர் கூட்டாட்சிப் பணம் வராமல் போகலாம். இது யாரும் தண்டிக்காமலே நேரும் இழப்பு. தண்டனையும் சேர்ந்தால் அந்தச் சட்டத்தின் கீழ் வரவேண்டிய முழுப் பங்கீடும் நின்றுவிடும்.

அலாஸ்காவுக்கு அந்தப் பங்கீடு மிகப் பெரியது. பிட்மன்-ராபர்ட்சன் காட்டுயிர்ப் பங்கீட்டில் பாதி நிலப்பரப்பை வைத்தும், பாதி கட்டணம் கட்டிய உரிமதாரர் எண்ணிக்கையை வைத்தும் பிரிகிறது. எந்த மாநிலத்துக்கும் 5 சதவீதத்துக்கு மேல் கிடையாது, அரை சதவீதத்துக்குக் குறையாது. டிங்கெல்-ஜான்சனில் பரப்புக்கு 40, உரிமதாரருக்கு 60 சதவீதம். அங்கும் உச்சவரம்பு 5 சதவீதம். சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அலாஸ்கா வரம்பைத் தொட்டு நிற்கிறது. சிறிய மாநிலங்களில் ஒவ்வொரு புதிய உரிமதாரரும் பங்கைக் கொஞ்சம் கூட்டுவார். அலாஸ்காவில் கூட்டமாட்டார், ஏனென்றால் உச்சியை ஏற்கெனவே எட்டியாயிற்று. ஆகவே அங்கே நெருக்கடி பங்கீட்டில் இல்லை, அதை இழுத்துவரும் 25 சதவீதத்தைத் திரட்டுவதில் இருக்கிறது. பங்கீட்டுப் பணத்துக்கு வழங்கிய ஆண்டும் அடுத்த ஆண்டுமே ஆயுள். அதற்குள் திட்டத்தில் கட்டப்படாத காட்டுயிர்ப் பணம் மாநிலத்தின் கையைவிட்டுப் போய், வலசைப் பறவைப் பாதுகாப்புச் சட்டத்தின் பணிகளுக்குச் சேர்ந்துவிடும்.

2016இல் எச்.பி. 137 மசோதா நிறைவேறியது இந்த நெருக்கடியில்தான். வேட்டை உரிமக் கட்டணம் இருபது ஆண்டுக்கு மேல் உயராமல் கிடந்தது. துப்பாக்கி விற்பனை பெருகியதால் கூட்டாட்சிப் பக்கம் பணம் குவிந்தது, அதை எடுக்க மாநிலப் பங்கு போதவில்லை. உள்ளூர்வாசியின் வேட்டை உரிமம் 25 டாலரிலிருந்து 45 ஆகவும், வெளியாளுடையது 85இலிருந்து 160 ஆகவும் ஏறின. வேட்டைக்காரர் சங்கங்களே கட்டணத்தை ஏற்றச் சொல்லி வாதாடியதைப் புதிதாகப் பார்ப்பவர்கள் வியப்பார்கள். கட்டிய பணம் எங்கே போகும் என்பதில் உறுதி இல்லாவிட்டால் அந்த வாதத்துக்கு ஆளே கிடைத்திருக்காது.

அதே கடலில் பூட்டில்லாத பணம்

விலக்கின் மதிப்பு புரிய, அது இல்லாமல் போன வழக்கைப் பார்க்க வேண்டும். வணிக சால்மன் மீனவர்களின் வருமானத்தில் கட்டாயமாக ஒரு பங்கைப் பிடித்து, குஞ்சு பொரிப்பகம் நடத்தும் வட்டாரச் சங்கங்களுக்கு நேரே கொடுக்கும் ஏற்பாட்டை அலாஸ்கா செய்திருந்தது. ‘மாநிலம் எதிர் அலெக்ஸ்’ வழக்கில் 1982இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மீனுக்காக மீனவரிடம் வாங்கி மீனுக்கே செலவிடும் பணம்தான், நோக்கத்தில் குறையில்லை. ஆனால் கூட்டாட்சி அரசு அதை நிபந்தனையாகக் கேட்கவில்லை, எனவே 7ஆம் பிரிவு குறுக்கே நின்றது. அதற்குப் பின் வந்த சால்மன் மேம்பாட்டு வரி பொது நிதிக்குப் போகிறது. அங்கிருந்து சட்டமன்றம் சங்கங்களுக்கு ஒதுக்க‘லாம்’. ஒதுக்கியே ஆக வேண்டும் என்று எழுத முடியாது.

ஆகவே ஒரே துறைக்குள் இரண்டு விதமான பணம் இருக்கிறது. வணிக மீன்பிடி உரிமக் கட்டணத்துக்குக் கூட்டாட்சிக் காவல் இல்லை. விளையாட்டு மீன்பிடி, வேட்டை, பொறி உரிமப் பணத்தை மாநிலச் சட்டத்தின் 16.05.130 பிரிவு காக்கிறது. விளையாட்டு மீன், வேட்டை விலங்கு வளங்களின் காப்பு, பெருக்கம், ஆய்வு, மீட்பு, அவற்றைக் கவனிக்கும் துறையின் இரு பிரிவுகளின் நிர்வாகச் செலவு ஆகியவை தவிர வேறெதற்கும் திருப்பக் கூடாது என்பது அதன் சாரம். இது கூட்டாட்சி விதியைவிட இறுக்கமானது. கூட்டாட்சி விதி துறையின் அதிகாரத்துக்குட்பட்ட மீன், காட்டுயிர்ப் பணிகள் எல்லாவற்றுக்கும் இடம் தருகிறது. ஒரு செலவு வாஷிங்டன் கண்ணில் சரியாகவும் ஜூனோ சட்டத்தில் தவறாகவும் இருக்கலாம். வாழ்வாதார மீன்பிடிப்பு பற்றிய கணக்கெடுப்பு நல்ல உதாரணம். அதில் ஈடுபடும் உள்ளூர் மக்களுக்கு மீன்பிடி உரிமமே தேவையில்லை. அந்தக் கணக்கெடுப்பைத் தூண்டில்காரர் பணத்தில் நடத்தலாமா என்று மாநிலச் சட்டத்தைக் கொண்டே கேட்க வேண்டும்.

2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்த எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. மாநிலத்தின் ஆண்டுப் பற்றாக்குறை நூறு கோடி டாலர்களில் எண்ணப்பட்டது. அரசியலமைப்பு பட்ஜெட் இருப்பு என்ற சேமிப்புக்குத் திருப்பிக் கட்ட வேண்டிய கடனுக்காக, நிதியாண்டு முடிவில் பொது நிதியின் துணைக் கணக்குகளில் மிஞ்சியதைத் துடைத்தெடுக்கும் ஏற்பாடு அங்கே உண்டு. துடைத்ததைத் திருப்பி வைக்க இரு அவைகளிலும் முக்கால் பங்கு வாக்கு வேண்டும். 2019இலும் 2021இலும் இதை வைத்துப் பெரும் சண்டை. கிராமப்புற மின்கட்டண ஈட்டு நிதியைத் துடைக்கலாமா என்பது நீதிமன்றம் வரை போயிற்று. அந்தச் சண்டையின் மையத்தில் உரிமப் பணம் இல்லை. அதைத் தொட்டால் கிடைப்பதைவிட இழப்பது அதிகம் என்பது நிதிக் குழுவில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

பணம் உண்மையில் கசியும் இடங்கள்

‘உரிம நிதியிலிருந்து இத்தனை லட்சம் பொது நிதிக்கு மாற்றப்படுகிறது’ என்று மசோதாவில் வெளிப்படையாக எழுதினால் அன்றைக்கே பிடிபடும். அப்படி எழுதுபவர் குறைவு. கசிவு பெரும்பாலும் கணக்கு வரிகளில் நடக்கிறது. அலாஸ்கா பட்ஜெட்டில் ஒவ்வொரு பண மூலத்துக்கும் ஒரு குறியீட்டெண் உண்டு. 1002 கூட்டாட்சி வரவு, 1003 பொது நிதியிலிருந்து வரும் மாநிலப் பங்கு, 1004 பொது நிதி, 1007 துறைகளுக்கிடையேயான வரவு, 1024 மீன் மற்றும் வேட்டை விலங்கு நிதி. காவல் காக்க விரும்புகிறவர் முதலில் கற்க வேண்டியது இந்த எண்களை.

மிகச் சாதாரணமான வழி, மூலமாற்றம். ஒரு பிரிவின் செலவுத் தொகை மாறாது, ஆட்கள் மாறமாட்டார்கள், வேலையும் மாறாது. 1004இல் 5 லட்சம் குறைந்து 1024இல் 5 லட்சம் கூடியிருக்கும். மாற்றப் பட்டியலில் ‘ஃபண்ட் சேஞ்ச்’ என்று ஒற்றை வரி. மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். பொது நிதி சுமந்த வேலையை உரிமதாரர் தலையில் ஏற்றியாயிற்று. அந்த வேலை விளையாட்டு மீனுக்கோ வேட்டை விலங்குக்கோ உரியதாக இருந்தால் சட்டப்படி குற்றமில்லை. மாநிலப் பங்குக்கு நிற்க வேண்டிய பணம் கரைகிறது, அவ்வளவே. உரியதல்ல என்றால் அது மடைமாற்றம். எனவே 1004 குறைந்து 1024 கூடிய ஒவ்வொரு வரியிலும் அந்தப் பிரிவின் பணிப்பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது 1007. ஒரு துறை இன்னொரு துறையிடம் சேவை வாங்கினால், ஈடுசெய் சேவை ஒப்பந்தத்தின் மூலம் பணம் கைமாறும். கொடுக்கும் துறையில் 1024 ஆக இருந்த பணம், வாங்கும் துறையின் பட்ஜெட்டில் 1007 ஆகத் தோன்றும். மூலம் மறைந்துவிடும். வேட்டைச் சட்டங்களை அமல்படுத்தும் காட்டுயிர்க் காவலர்கள் அலாஸ்காவில் பொதுப் பாதுகாப்புத் துறையில் இருப்பதால் இந்தக் கேள்வி அங்கே அடிக்கடி எழும். உரிமப் பணம் மீன், காட்டுயிர்த் துறையின் கட்டுப்பாட்டில் மட்டுமே இருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதித்தொகுப்பின் 50ஆம் தலைப்பு, 80ஆம் பகுதி. ஒப்பந்தத்தில் வேலையின் அளவும் விலையும், முடிந்த வேலைக்கு மட்டுமே பணம் என்ற நிபந்தனையும், மணிக்கணக்குப் பதிவும் இருந்தால் கட்டுப்பாடு கைவிட்டுப் போகவில்லை என்று காட்டலாம். ஆண்டுத் தொடக்கத்தில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு ரசீது கேட்காமல் விட்டால் காட்ட முடியாது.

மையச் சேவைக் கட்டணம் இன்னொரு வாய்க்கால். கணினி, சம்பளப் பட்டுவாடா, சட்ட ஆலோசனை, கட்டட வாடகைக்கு நிர்வாகத் துறை எல்லாத் துறைகளிடமும் வசூலிக்கிறது. பொது நிதி வற்றும் ஆண்டில் விகிதம் ஏறுவது வழக்கம். ஆண்டுப் பங்கீட்டுப் பணத்திலிருந்து துறைக்கு வெளியே உள்ள மாநில மையச் சேவைகளுக்குப் போகும் மேல்செலவு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 80ஆம் பகுதி வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பு கூட்டாட்சிப் பணத்துக்கானது. உரிமப் பணத்தில் பிடிக்கும் பங்குக்கு நியாயமான அடிப்படை இருக்கிறதா என்பதே சோதனை: ஆள் எண்ணிக்கையா, கணினி எண்ணிக்கையா, சதுர அடியா? ‘சென்ற ஆண்டைவிட 12 சதவீதம் கூட்டினோம்’ என்பது அடிப்படை ஆகாது.

எதுவெல்லாம் உரிமப் பணம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உரிமம், சீட்டு, முத்திரை, அனுமதி விற்ற தொகை மட்டுமல்ல. அந்தப் பணத்தில் வாங்கிய நிலம், படகு, சிறு விமானம், துப்பாக்கிப் பயிற்சித் திடல் எல்லாம் உரிமப் பணம்தான். அவற்றை விற்ற தொகை, குத்தகை, வாடகை, இருப்புக்கு வந்த வட்டி, உரிமப் பணத்தை முதலில் செலவிட்டுப் பின் கூட்டாட்சியிடமிருந்து ஈடாக வாங்கிய தொகை, இவையும் அதே வகை. தன் ஐந்தாண்டுத் தணிக்கைகளில் கூட்டாட்சி உள்துறையின் (அமெரிக்காவில் இது நிலம், காட்டுயிர் சார்ந்த துறை) தலைமை ஆய்வாளர் அலுவலகம் இவற்றைத் துருவுகிறது. மாநிலக் கருவூலம் எல்லா நிதிகளையும் ஒன்றாகச் சேர்த்து முதலீடு செய்து வட்டியைப் பொது நிதியில் எழுதிக்கொண்டால் அது மடைமாற்றம், யாரும் தீய எண்ணத்தோடு செய்யாவிட்டாலும். உரிமப் பணத்தில் வாங்கிய விமானம் வேறு துறை அதிகாரியைக் கட்டணமின்றிச் சுமந்தாலும் அப்படியே. சொத்துப் பதிவேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ‘எந்தப் பணத்தில் வாங்கியது’ என்ற பத்தி இல்லாத துறை, தணிக்கையில் வாதாடவே முடியாது.

துறையைக் கலைத்து இணைப்பதும் பணத்தை நகர்த்தும். 2003இல் ஆளுநர் மர்கவ்ஸ்கி நிர்வாக ஆணை மூலம் வாழிடப் பிரிவை மீன், வேட்டை விலங்குத் துறையிலிருந்து இயற்கை வளத் துறைக்கு மாற்றினார். 2008இல் ஆளுநர் பேலின் ஆட்சியில் அது திரும்பி வந்தது. மாற்றத்தின் நோக்கம் வேறாக இருக்கலாம். ஆனால் இத்தகைய ஆணையில் ஆட்கள் போகும் இடத்துக்கு உரிமப் பணம் போக முடியாது, அதில் வாங்கிய வண்டிகளும் மேசைகளும்கூட. ஆணையின் வரைவிலேயே சொத்துப் பட்டியலைப் பிரித்திருக்க வேண்டும்.

செலவிட விடாமல் வைத்திருப்பது தனி ரகம். தனி நிதி என்றாலும் சட்டமன்றம் ஒதுக்காமல் துறை ஒரு டாலரும் எடுக்க முடியாது. வரவைவிடக் குறைவாக ஆண்டுதோறும் ஒதுக்கினால் இருப்பு ஏறும். டெக்சாஸில் இப்படித் தேங்கும் தனிக் கணக்கு இருப்புகளைக் காட்டியே மாநில பட்ஜெட் சமநிலையில் இருப்பதாகச் சான்றளித்து வந்தார்கள். பணம் கணக்கை விட்டு வெளியேறாதவரை, வட்டியும் அதிலேயே சேரும்வரை, இதை மடைமாற்றம் என்று சாதிப்பது கடினம். உரிமதாரருக்கு விளைவு ஒன்றுதான்: மாநிலப் பங்கு கட்டப்படாமல் கூட்டாட்சிப் பணம் காலாவதியாகும்.

அறிவிப்பு வந்தால்

மாநிலம் மடைமாற்றத்தில் இருக்கிறது என்று அறிவிக்கும் அதிகாரம் அமெரிக்க மீன், காட்டுயிர்ச் சேவையின் இயக்குநருக்கு மட்டுமே உண்டு. வட்டார அலுவலகம் எச்சரிக்கலாம், அறிவிக்க முடியாது. இயக்குநர் கையெழுத்திட்ட நாளிலிருந்து, சிக்கல் தீரும் நாள்வரை, அந்தச் சட்டத்தின் கீழ் மாநிலத்துக்குத் தகுதி இல்லை. தகுதியை மீட்க, போதிய தடைச் சட்டம் இல்லையென்றால் இயற்ற வேண்டும். எடுத்த பணத்தைத் துறையின் கட்டுப்பாட்டுக்குத் திருப்ப வேண்டும். அது இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் வட்டியையும் கட்ட வேண்டும். நிலமோ பொருளோ போயிருந்தால் அதையே மீட்க வேண்டும், அல்லது இன்றைய சந்தை விலையில் சமமான, அதே பயன் தரும் மாற்று தர வேண்டும். 1960இல் ஏக்கர் சில டாலருக்கு வாங்கிய ஆற்றோர நிலத்தை இன்று ஈடுசெய்வது எவ்வளவு என்று நிதிக் குழு ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும்.

ஆனால் இந்தப் பூட்டின் பலவீனமும் இங்கேதான். சாவி ஒரே ஒரு கூட்டாட்சி அதிகாரியிடம் இருக்கிறது. அவர் கடிதத்தோடு நிறுத்திக்கொண்டால் வேட்டைக்காரருக்கு அடுத்த படி தெளிவாக இல்லை. அயோவா 1996 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தித் தன் அரசியலமைப்பின் 7ஆம் அத்தியாயத்தில் 9ஆம் பிரிவைச் சேர்த்தது. உரிமப் பணமும் மீன், காட்டுயிருக்காக வரும் பிற பணமும் அந்தப் பணிக்கே என்று அது சொல்கிறது. மிச்சிகன் 2006இல் இதே வழியில் போனது. சுமார் 81 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அங்கெல்லாம் வாதாட மாநில நீதிமன்றம் இருக்கிறது, வாஷிங்டனில் யார் ஆள்கிறார் என்று பார்க்க வேண்டியதில்லை. அலாஸ்காவில் அத்தகைய திருத்தத்துக்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும் பிறகு மக்கள் வாக்கும் வேண்டும். அதுவும் 7ஆம் பிரிவின் அடிப்படைக் கொள்கைக்கே எதிராக. கிட்டாது என்றே நினைக்கிறோம்.

அதனால் எல்லாம் பட்ஜெட் நாள்காட்டியில் வந்து நிற்கிறது. ஆளுநர் டிசம்பர் 15க்குள் பட்ஜெட்டை வெளியிட வேண்டும், சட்டமன்றம் ஜனவரியில் கூடும். இடைப்பட்ட வாரங்களில் எல்லாத் துறைகளிலும் 1024ஐயும், மீன், வேட்டை விலங்குத் துறைக்கு வெளியே புதிதாக முளைத்த 1007ஐயும் தேட வேண்டும். எண் பட்டியல்களோடு நிறுத்தாமல், மசோதாவின் பின்பகுதியிலுள்ள வாசகப் பிரிவுகளையும் படிக்க வேண்டும். நிதிக்கு நிதி மாற்றும் வரிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். சந்தேகத்துக்குரிய வரி கிடைத்தால், மசோதா வாசகத்தோடு ஆங்கரேஜிலுள்ள மீன், காட்டுயிர்ச் சேவை வட்டார அலுவலகத்தின் எழுத்துக் கருத்தைத் துறை வழியாகக் கேட்க வேண்டும். அந்தக் கடிதம் நிதித் துணைக்குழு தன் பகுதியை முடிக்கும் முன் மேசைக்கு வர வேண்டும்.

தாமதித்தால் கதவு ஒவ்வொன்றாக மூடும். இரு அவைகளும் அந்த வரியை ஒரே மாதிரி நிறைவேற்றிவிட்டால், வேறுபாடுகளை மட்டும் தீர்க்கும் கூட்டுக் குழு அதைச் சாதாரணமாகத் திறக்க முடியாது. மிஞ்சுவது ஆளுநரின் தனி ஒதுக்கீட்டு ரத்து அதிகாரம். அதில் அவர் ஒரு தொகையை அடிக்கலாம், குறைக்கலாம், கூட்ட முடியாது. 1024இலிருந்து எடுத்த 5 லட்சத்தை அவர் அடித்தால் உரிமப் பணம் தப்பும். அதன் இடத்தில் 1004ஐத் திரும்ப எழுத அவரால் ஆகாது. அந்தப் பிரிவு ஜூலை 1 முதல் 5 லட்சம் குறைவாக ஓடி, அடுத்த ஜனவரியில் கூடுதல் நிதி மசோதாவுக்காகக் காத்திருக்கும்.